வலது விரல் மை

சவரி அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டி நாங்கள் உள்ளே வரும்போது அவர் ஆண்கள் வரிசையில் நின்றிருந்தார். ஆள் வரும் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பியதுபோல அவரும் திரும்பினார். என் தோளில் கை வைத்தபடி பின்னால் வந்துகொண்டிருந்த இவரைப் பார்த்தார். உடனே குனிந்து முதலில் வலது, அப்புறம் கொஞ்சம் தடுமாறி இடது, இரண்டையும் கழற்றி விரலில் கோத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டார். டயர் செருப்பு. சிமெண்டுத் தரையில் மட்டுமில்லை, மண்ணில் நடந்தாலும் சத்தம் போடும். ஏப்ரல் மாதம், ஒன்பது மணிக்கே மணல் கொதிக்கிறது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நான்கு பேர். அந்த நான்கு முதுகுகளுக்கு அப்பால் அவர் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்து ஆற்றுகிறார், பிறகு மாற்றிக்கொள்கிறார். இவர் என் தோளைத் தட்டி வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டார். இருபது பேர் இருக்கும் என்றேன். முன்னால் யார் யார் என்றார். நான்கு பெயர்களைச் சொன்னேன். ஐந்தாவது பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய் சொல்வதில் சேராது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சட்டம். இவர் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. கேட்டிலேயே ஒரு போலீஸ்காரப் பெண் ஓடிவந்து, அய்யா நீங்க நேரே உள்ளே போகலாம் என்றாள். “கண்ணுதாம்மா இல்ல, காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்று இவர் சொல்லிவிட்டார். போன தேர்தலிலும் இதையேதான் சொன்னார். அதனால் ஆண்கள் வரிசையில் ஒரே பெண்ணாக நான் நிற்கிறேன். என் தோளில் இவருடைய கை. எட்டு வருஷமாக இருக்கிற கை. ரவிக்கையின் அந்த இடம் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும்.

ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். எங்கள் தெரு முனை வரைக்கும் டப் டப் என்று வருவார் சவரி அண்ணன். முனையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று செருப்பைக் கழற்றுவார். எங்கள் வீட்டைத் தாண்டும்வரை வெறுங்காலோடு போவார். அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே மறுபடி மாட்டிக்கொள்வார். முதல் தடவை பார்த்தபோது கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வாசலில் தன் காலடிகூட விழக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று. பிறகு ஒருநாள் புரிந்தது. இவருக்குப் பார்வை போன பிறகு காது கூர்மையாகிவிட்டது. டயர் செருப்புச் சத்தம் தெருவுக்குள் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார், முகத்தை லேசாகத் தூக்குவார், சத்தம் வீட்டைத் தாண்டிப் போனதும் முகம் தாழும். இரண்டு பேருக்கும் சண்டை வந்த புதிதில் அதை ஜன்னல் வழியாக சவரி அண்ணன் பார்த்துவிட்டார். நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் செருப்பு கைக்குப் போனது. ஒவ்வொரு நாளும் கடந்து போகும்போது என்னைப் பார்த்தால் தலையை மெல்ல ஆட்டுவார், சொல்லாதே என்பதுபோல. நான் எதைத்தான் சொன்னேன். இவருக்குக் கண் போன பிறகு இரண்டு வருஷம் தினமும் காலை ஆறரைக்கு வந்து பேப்பர் வாசித்தவர் அவர். முதல் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை விடாமல் வாசிப்பார். நடுவில் ஒரு பொய்யைச் செருகுவார். முசிறியில் எருமை ஒன்று பட்டம் வாங்கியது என்று அதே குரலில், அதே நிறுத்தங்களோடு வாசிப்பார். இவர் விடமாட்டார். உன் சொந்தக்காரனாடா, போய் மாலை போட்டுட்டு வாடா என்பார். இரண்டு பேரும் இருமும்வரை சிரிப்பார்கள். அடுப்படியில் நானும் சிரிப்பேன். இப்போது நான் வாசித்துக் காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்த வாசிப்பு. எழுத்துக் கூட்டித் தலைப்பை முடிப்பதற்குள் போதும் தனம் என்றுவிடுவார். பொய்ச் செய்தி எனக்குச் செருகத் தெரியாது. எனக்குத் தெரிந்த பொய் வேறு வகை.

வரிசை நகர்ந்தது. ஒரு அடி. சவரி அண்ணன் இடது காலை இழுத்து வைத்தார். நான்கு முதுகு அப்படியே இருக்கிறது.

அது உள்ளாட்சித் தேர்தல். வார்டு மெம்பர். கட்சி கிடையாது, சின்னம் மட்டும். இவருடைய சிநேகிதர் சிகாமணி பூட்டு சாவியில் நின்றார். சவரி அண்ணனுக்கு அண்ணன் மகள் முறையாகிற லூர்துமேரி சீப்பில் நின்றாள். எங்கள் வார்டு மொத்தமே நானூறு ஓட்டுக்குள். இவர் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடைமேடைக் குமாஸ்தா. கரும்பு வண்டி மேடையில் ஏறும் சத்தத்திலேயே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார் என்று பேர். கண் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாக்காளர் பட்டியலை சவரி அண்ணன் வீடு வீடாக வாசிக்க, இவர் ஒவ்வொரு பெயருக்கும் உறுதி, உறுதியில்லை என்று பிரித்து மனசிலேயே வைத்துக்கொண்டார். சொந்தத்தில் ஒரு பெண் நிற்கும்போது நீ எப்படிடா என்று சிகாமணி கேட்டதற்கு, வாக்குக் கொடுத்தாச்சு என்று மட்டும் சவரி அண்ணன் சொன்னார். அதனால் அவர் வீட்டுப் பக்கத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று அப்போதே கேள்விப்பட்டேன். கடைசிநாள் சாயங்காலம் இவர் கணக்கை முடித்தார். நூற்றி எண்பத்தெட்டு. பத்து நழுவும் கோதண்டம் என்றார் சிகாமணி. எடை போட்டாச்சுடா, நூத்தி எண்பத்தெட்டு என்றார் இவர். எண்ணியபோது பூட்டு சாவிக்கு நூற்றி எண்பத்தேழு, சீப்புக்கு நூற்றி எண்பத்தெட்டு. சிகாமணி திரும்ப எண்ணச் சொன்னார். இரண்டு தடவை எண்ணினார்கள். அதேதான். வீட்டுக்கு வந்து இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். மறுநாள் காலை ஆறரைக்கு சவரி அண்ணன் பேப்பரோடு வந்தார். இவர் முகத்தைத் திருப்பவில்லை. “உன் அண்ணன் மகளுக்குப் போய் வாசிச்சுக் காட்டு. அவதானே ஜெயிச்சிருக்கா.” சவரி அண்ணன் மாதா மேல் சத்தியம் என்றோ, உன்னை நம்பினேனே என்றோ சொல்லவில்லை. பேப்பரை நான்காக மடித்து மேஜைமேல் வைத்தார், போய்விட்டார். நான் காபித் தம்ளரோடு அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தம்ளர். இவர் கணக்கு துல்லியமானது. ஒரே ஒரு ஓட்டுத்தான் குறைந்தது. அந்த ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஆகவே மற்ற நூற்றி எண்பத்தேழு பேரும் சொன்ன சொல் காப்பாற்றியவர்கள், சவரி அண்ணனும்தான். அவர் சொந்தக்காரியை விட்டுவிட்டு பூட்டு சாவிக்குத்தான் போட்டார் என்று உலகத்தில் சாட்சி சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். தம்ளரைக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஏன் செய்தேன் என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மதுரை ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிய வாரம் சிகாமணி பார்க்க வந்தார். “இனிமே உனக்குக் கவலையே இல்ல தனபாக்கியம், தலை சீவ வேணாம், பொட்டு வைக்க வேணாம்” என்றார். நல்ல மனசுள்ளவர்தான். இறுக்கத்தைக் குறைப்பதற்காகச் சொன்னார். அவர் சொன்னது என்னை ஒன்றும் செய்யவில்லை. இவர் சிரித்தாரே, அதுதான். கண் போன பிறகு இவர் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். அதனால் சீப்புக்குக் குத்தினேனா. ஒருவேளை. ஆனால் சிகாமணி எத்தனையோ நல்லது செய்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவரே அவர்தான். ஓட்டுக் கேட்க வந்தபோது இவரிடம், உன் வீட்டு ரெண்டு ஓட்டும் நம்மளுதுதான் என்றார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். என்னிடம் செம்பை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். லூர்துமேரி வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப்பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அக்கா, உங்க ஓட்டை எனக்குப் போடுங்கக்கா என்றாள். உங்க ஓட்டு. நாற்பது வருஷத்தில் என் ஓட்டை என்னிடம் கேட்டது அவள்தான். அதனாலா. அப்படியென்றால் என் சீட்டில் அல்லவா சீப்புக்குக் குத்தியிருக்க வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன். அன்றைக்குக் காகிதச் சீட்டு. நான்கு பதவிக்கு ஆளுக்கு நான்கு நிறத்தில் நான்கு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று என் நான்கிலும் முதலில் குத்தினேன். வார்டு மெம்பருக்கான வெள்ளைச் சீட்டில் கை தானாகப் பூட்டு சாவிக்குப் போயிற்று. இவர் சொன்னால் சொன்னதுதான், கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான், யோசிக்கக்கூட இல்லை. பிறகு இவருடைய சீட்டுகளை எடுத்தேன். இவர் கை என் தோளில் இருந்தது. மூன்றில் சொன்னபடி குத்தினேன். வெள்ளைச் சீட்டுக்கு வந்ததும் கை நின்றது. என் ஓட்டு இவருடையது என்று பழகிப்போயிருந்தது. இவருடைய ஓட்டு என் கைக்கு வந்தபோது அதுதான் என்னுடையது என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான். வேறு காரணம் எல்லாம் பிறகு நான் கோத்துக்கொண்டவை. முத்திரையைச் சீப்பின் மேல் வைத்து அழுத்தினேன். இவர் காதோரம் குனிந்து, வச்சாச்சா என்றார். வச்சாச்சு என்றேன். அதுவும் பொய் இல்லை.

துணைக்கு வருகிறவர்களுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். தன் ஓட்டுக்கு இடது விரல், துணைக்கு வந்ததற்கு வலது விரல். இன்னொருத்தருக்குத் துணையாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. இடது கை மையை நான் கவனித்ததே கிடையாது. வலது கை அப்படி இல்லை. சோறு பிசையும்போது தெரியும், இவருக்கு மாத்திரை எடுத்து வைக்கும்போது தெரியும். நகத்தின் அடியில் கறுப்பாகப் பிடித்துக்கொண்டு, நகம் வளர வளர மேலே ஏறி, மூன்று மாதம் கழித்து ஒருநாள் வெட்டி எறிந்தேன். அதற்குள் சிகாமணிக்கு ஊரில் ‘ஒத்த ஓட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒத்த ஓட்டு போறார், ஒத்த ஓட்டு டீ குடிக்கிறார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இரண்டாம் வருஷம் செத்துப்போனார். ஓட்டினால் சாகவில்லை, சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும். அவரிடம் சொல்ல வேண்டியது அவரோடு போய்விட்டது. அதற்கப்புறம் வந்த இரண்டு தேர்தலிலும் இவர் சொன்ன எண்ணையே அழுத்தினேன். சரியாக அழுத்தியதால் எதுவும் சரியாகவில்லை. போன தேர்தலில் முதலில் என் ஓட்டைப் போடும்போது மிஷினில் நீலப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் மேடாக இருப்பதைப் பார்த்தேன். அங்கிருந்த அதிகாரி என்னிடம் மெதுவாக, அம்மா, பார்வை இல்லாதவங்க தடவிப் பார்த்து அவங்களே போடலாம், புள்ளி படிக்கத் தெரியலேன்னா மேலேருந்து எண்ணிக்கிட்டு வந்தாப் போதும் என்றார். இவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அவருக்குப் பழக்கமில்லை சார் என்றேன். எண்ணப் பழக்கமில்லையாம், முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் இருந்தவருக்கு. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷமும் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு சீட்டில் மாற்றிக் குத்தியது ஒரு நிமிஷம். இது இரண்டு வருஷம்.

மூன்று முதுகு. ஒருவர் ஆதார் அட்டையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். பக்கத்தில் பெண்கள் வரிசை எங்களுக்குச் சமமாக வந்தது. அதில் லூர்துமேரி நின்றாள். என்னைப் பார்த்து, என்னக்கா ஆம்பளைங்க வரிசையில சேந்துட்டீங்களா என்று சிரித்தாள். இவர் அவள் குரலைக் கண்டுகொண்டு தாடையை இறுக்கினார். அவள் அதற்குள், முன்னால் நின்ற சவரி அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டாள், “சித்தப்பா, ஞாயித்துக்கிழமை கிளம்புறீங்களாமே, அரியலூருக்கே போயிடறீங்களா?” சவரி அண்ணன் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கையை விரித்துக் காட்டினார், மகள் கூப்பிடுகிறாள், என்ன செய்வது என்பதுபோல. யாரிடம் கேட்கிறாள் என்றார் இவர் என்னிடம். அவளுக்கு ஊரெல்லாம் சித்தப்பாதானே என்றேன். ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன். அடுத்த தேர்தலுக்கு அவர் பெயர் அரியலூர்ப் பட்டியலில் இருக்கும். தெரு முனை மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் செருப்பைக் கழற்றப் போவதில்லை. நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு சட்டென்று வந்தது. நிம்மதி என்று நினைத்தேனே. சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது இவர் கோபத்தைப் பற்றிய பயம் இல்லை. கோபித்தால் நான்கு நாள். இவர் காலையில் என்ன நிறச் சட்டை என்று கேட்பார். நீலம் என்பேன். போட்டுக்கொள்வார். இது பெரிய மாத்திரையா சின்னதா என்பார், பெரியது என்பேன், விழுங்குவார். படி இருக்கிறதா, இல்லை. வாசலில் யாராவது வந்தார்களா, இல்லை. எட்டு வருஷமாக இவர் என் வார்த்தைமேல் நடக்கிறார். அந்த ஒன்றைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் திரும்ப எண்ணச் சொல்வார். நான் எண்ணிக் கொடுக்க முடியுமா. எல்லாம் நீலச் சட்டைதானா என்று எனக்கே தெரியுமா.

அதே மூன்று முதுகு. வகுப்பறை வாசலுக்கு வந்துவிட்டோம். உள்ளே சாக்பீஸ் வாசனை. கரும்பலகையில் அழிக்காமல் விட்ட வாய்ப்பாடு. சவரி அண்ணன் மேஜையின் முன்னால் போய் நின்றார். செருப்பை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். மேஜையிலிருந்தவர் சீட்டை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். “சவரிமுத்து, தகப்பனார் பெயர் அந்தோணி.” என் தோளில் இருந்த விரல்கள் இறுகின. நகம் பதிந்தது. நான் அசையவில்லை. இவர் குனிந்து, “இவ்வளவு நேரமா முன்னாடிதான் நின்னானா?” என்றார். ஆமாம் என்றேன். “சத்தமே கேக்கலியே.” உள்ளே மிஷினிலிருந்து பீப் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. சவரி அண்ணனின் ஓட்டு. சுவரோரமாக, பூனைபோல, எங்களைக் கடந்து வெளியே போனார். காற்றில் அவருடைய மூக்குப்பொடி வாசனை வந்தது. இவர் அதை மோந்தார் என்று நினைக்கிறேன். முகம் கொஞ்சம் உயர்ந்தது.

நடுவில் நின்ற மூன்று பேரும் முடித்தார்கள், எங்கள் முறை. இவர் பெயரை வாசித்தார்கள். கோதண்டம். இடது விரலில் மை வைத்தார்கள். ஒரு இளம் அதிகாரி துணையாளர் உறுதிமொழிப் படிவத்தை என் பக்கம் தள்ளி, இங்கே கையெழுத்து, வலது கையைக் காட்டுங்கம்மா என்றார். மைக்குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன். அவரே போடுவார் என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. இவர் என் பக்கம் திரும்பி, என்ன தனம் என்றார். மிஷினில் புள்ளி இருக்கிறது, மேலேயிருந்து எண்ணிக்கொண்டு வரலாம், நீங்கள் சொல்லும் ஆள் நான்காவது என்றேன். அதிகாரி எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்பு வரை கூட்டிப்போய், முதல் பொத்தானில் விரலை வைத்துவிட்டு விலகி வந்தார். என் தோள் லேசாகிப்போயிற்று. காற்று பட்டது அந்த இடத்தில். அட்டைக்கு மேலே இவர் தலை மட்டும் தெரிந்தது. எண்ணுகிறார். மறுபடி மேலே போய் எண்ணுகிறார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வண்டி மேடையில் ஏறி நின்று முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பாரே, அப்படி நின்றார். பீப் சத்தம் வந்தது. அது ஓயும்வரை இவர் நகரவில்லை. பிறகு நான் போனேன். என் விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. காலையில் எண்ணைச் சொன்னவர் இப்போது பின்னால் நிற்கவில்லை, காதோரம் கேட்கவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் அழுத்தலாம். இதற்காகத்தானே அன்றைக்கு இவருடைய சீட்டை எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். இது என் கையிலேயேதான் இருந்திருக்கிறது. அழுத்தினேன். கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்று, விழுந்தது.

வெளியே வேப்பமர நிழலில் சவரி அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குழாயடிவரை போனோம். இவர் என் தோளைப் பிடித்திருந்தார், ஆனால் பாரம் இல்லாமல். அந்தப் புள்ளி எப்போதுமே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். உனக்குத் தெரியுமா என்றார். போன தேர்தலிலேயே தெரியும் என்றேன். பத்தடி நடந்தோம். “ஏன் சொல்லல?” என்றார். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகியது நிறைய இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், தண்ணீர்ச் செம்பு, கொல்லைப்பக்கம், எல்லாம். ஒன்றும் வரவில்லை. “வார்டு எலக்‌ஷன்ல உங்க சீட்டுல நான் சீப்புக்குக் குத்திட்டேன். அந்த ஒத்த ஓட்டு சவரி அண்ணன் இல்ல” என்றேன். கை தோளிலிருந்து எடுபட்டது. வெயிலில் தனியாக நின்றார். பிடிக்க ஒன்றுமில்லாத கை காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. “உன்னோட சீட்டு?” என்று கேட்டார். அது பூட்டு சாவிக்குத்தான் என்றேன். உதடு அசைந்தது. விரல்கள் மடங்கின. மனசுக்குள் பட்டியலில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது, எங்கள் வீட்டில் வந்து நின்றார். “அப்ப எடை சரியாத்தான் இருந்திருக்கு” என்றார், என்னிடம் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குள் சவரி அண்ணன் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். கேட்டுக்குப் போக எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். செருப்பு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. மணலில் வெறுங்காலை அழுத்தாமல் வைத்து வைத்து வந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்ததும் என்னைப் பார்த்து, தினமும் செய்வதுபோல, தலையை மெல்ல ஆட்டினார்.

“அண்ணே, செருப்பைப் போட்டுக்கிட்டு நடங்க” என்றேன்.

அவர் நின்றுவிட்டார். என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது, சரியாக அவரை நோக்கி இல்லை, கொஞ்சம் தள்ளி. ஒரு செருப்பு மணலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மாட்டிக்கொள்ள நேரமாயிற்று. இவர் வாய் திறந்தது, பெயர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சவரி அண்ணனும் ஏதோ கேட்பதற்காக நின்றதுபோல நின்றார். பிறகு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். டப் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் மண்ணை அரைக்கிற ஒரு சத்தம், மறுபடி டப். கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஏறி, சாலையோரத்து ஆட்களின் பேச்சுக்குள் அது கரையும்வரை இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இடது காலை இழுக்கிறானே” என்றார். “எப்பேர்ந்து?”

“ரெண்டு வருஷமாச்சு” என்றேன்.